கட்டை விரல் நகத்துக்கு என்ன விலை

ஒரு நகத்தை எடுக்க என்ன செலவாகும் என்று தெரிய வேண்டுமானால், இந்தச் சென்னை மாகாணத்தில் என்னைத்தான் கேட்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை செய்கிறவன். ஆனால் ஒரே ஒரு நகத்துக்காக இத்தனை பேரிடம் விலை விசாரித்த ஆள் வேறு எவனும் இருக்க மாட்டான். விரல் ஆறி, கட்டு அவிழ்ந்து, இப்போது அதே கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை நினைத்தாலே சந்தோஷத்தில் என்னால் உட்கார முடியவில்லை. பாதி எழுதிவிட்டு எழுந்து ஒரு நடை நடந்து வந்துதான் மீதியை எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டால் அதன் மயிர் மெள்ள இளகும். எந்தத் தோல் எப்போது இளகிற்று என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கழுத்துப் பக்கமாக மயிரின் மேல் வலது கட்டை விரல் நகத்தை வைத்து ஒரு தள்ளு தள்ளுவேன். கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு வழுக்கிக்கொண்டு போனால் பதம். அவசரப்பட்டு எடுத்தால் மயிர் சிரைக்கும்போது தோல் கிழியும். தாமதமானால் தோல் சத்துவிட்டுப் போகும். ஒரு குழியில் இருக்கிற தோல் அத்தனையும் என் நகம் சொன்னால்தான் வெளியே வரும். இதனால் எனக்குக் கூலியும் ஜாஸ்தி, கர்வமும் ஜாஸ்தி. இடது கையால் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இடது கையால் ஒரு வேளை சோறு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அந்த நகத்தில்தான் வினை வந்தது. சுண்ணாம்பில் வெடித்திருந்த நகக்கண் வழியாக ஓர் ஆட்டு மயிர் உள்ளே ஏறிவிட்டது. மயிர்தானே என்று விட்டுவிட்டேன். மூலை சிவந்தது, வீங்கியது, பிறகு தெறிக்க ஆரம்பித்தது. நகச்சுத்தி என்று எல்லாரும் சொல்வதுதான். நகத்தைச் சுற்றியும் அடியிலும் சீழ் கோத்துக்கொள்ளும், போக வழி இல்லாமல் உள்ளுக்குள்ளேயே முட்டும். என் மனைவி ரூத்து எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிவிட்டாள். இரண்டு நாள் எலுமிச்சம்பழத்தோடு டேனரியில் சுற்றினேன். என் தோஸ்த் காதர், “இன்னா சாலமோன், விரலுக்குக் குல்லா போட்டுட்டியா?” என்று கேலி செய்தான்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்தபோது அதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனை உலகத்தில் இல்லை என்றே தோன்றியது. செத்த ஆட்டின் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போடுகிறோம். அது அழுகுவதில்லை, வருஷக்கணக்கில் கெடுவதில்லை. செத்த தோலுக்கே இந்த மரியாதை என்றால் உயிருள்ள விரலுக்கு எவ்வளவு நன்மை செய்யும்? நான் தினமும் பட்டைக் குழியின் ஓரத்தில் குந்திக்கொண்டு கட்டை விரலை அதில் ஊறவைத்தேன். வலி குறைந்த மாதிரி இருந்தது. தோல் இறுகிச் சிவந்து பளபளவென்று ஆனது. காதரிடம் காட்டிப் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

என் விரல் உண்மையிலேயே பதமாகிக்கொண்டிருந்தது. மேல் தோல் செருப்புத் தோல் மாதிரி கெட்டியாகிவிட, சீழ் உடைந்து வெளியே வர இடமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காய்ச்சல் வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருப்பதை ரூத்துதான் முதலில் பார்த்தாள். அவள் உடனே துணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நகத்தை எடுத்தால்தான் சீழ் போகும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். டேனரி முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நல்ல மனிதர், ஆனால் குழியில் தோல் காத்திருக்காது என்று தெரிந்தவர். “போய்ட்டு வா சாலமோன். நீ வர்ற வரைக்கும் காதர் பாக்கட்டும். நகம் வந்து பதம் தெரிஞ்சா உன் எடம் உனக்கு. தெரியலன்னா அப்புறம் நான் இன்னா பண்றது?” என்றார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் அந்த ஒரு விரல் நுனியில் இருந்தது. அது போனால் நான் பட்டை இடிக்கிற கூலியாள்.

இனி விலைக்கு வருகிறேன். புறப்படுவதற்கு முன்பே எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். நாவிதர் இரண்டணாவும் வெற்றிலை பாக்கும் போதும், கத்தியால் நெம்பிவிடலாம் என்றார். அவர் கத்தியைப் பார்த்ததுமே வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைத்தெருவில் போர்டு மாட்டியிருந்த டாக்டர் ஏழு ரூபாய் சொன்னார். தர்ம ஆஸ்பத்திரியில் காசே இல்லை என்றார்கள், ஆனால் வரிசையில் நின்றால் ஒரு நாள் போகும், மறுநாள் வா என்பார்கள், இரண்டு நாள் கூலி போகும். ஆகவே இனாமாக எடுத்தாலும் இனாம் இல்லை. கடைசியில், வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்க்கிறார்கள், ஆனால் அங்கே ஆளுக்கு ஒரு விலை என்று சொன்னார்கள். அது எப்படி ஆளுக்கு ஒரு விலை இருக்கும்? அந்தக் காய்ச்சலிலும் எனக்கு அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆவல்.

ரயிலில் காட்பாடி போய் அங்கிருந்து ஜட்கா பிடித்தோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் விரலில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. ரூத்து என் கையைத் தன் மடியில் வைத்து, வழி முழுக்கத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றினேன். உள்ளே ஒரு ரைட்டர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆயிற்று என்று பேச்சிலேயே தெரிந்தது. பெயர், ஊர் எழுதிக்கொண்டு, “கையெழுத்துப் போடுவியளா, கைநாட்டா?” என்று கேட்டபடியே மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “மிஷன் இஸ்கூல்ல அஞ்சாவது பாஸ் பண்ணவன் சார் நானு. கைநாட்டெல்லாம் வைக்க மாட்டேன்” என்றேன். பேனாவை இடது கையில் பிடித்து சாலமோன் என்று எழுதினேன். எழுதினேன் என்று நான் சொல்வதுதான், பார்த்தால் கோழி நடந்த மாதிரி இருந்தது. ரூத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ரைட்டர் அதை ஒரு தரம் பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்து, “அந்தப் புதுச் செருப்பு உங்களதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாகவே. அவர் நோட்டில் பதினைந்து ரூபாய் என்று எழுதினார்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஊரில் அடுப்பில் பூனை தூங்குகிற வீட்டுக்காரன் காலிலும் நல்ல செருப்பு இருக்கும். கழித்துப்போட்ட தோலில் தெரிந்தவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். அவர் ஊரில் அப்படிச் செருப்பு போட்டவன் மிராசுதாராக இருப்பான் போலிருக்கிறது. என்னைத் தோல் வியாபாரி என்றே முடிவு கட்டிவிட்டார். நான் சொல்லிப் பார்த்தேன். “டாக்டரம்மா வரட்டும், அவங்ககிட்ட பேசிக்கிடுங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரூத்துவைப் பார்த்து, “எந்திரி, ஊருக்குப் போலாம். நாவிதரே நெம்பட்டும்” என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. “கம்முனு உக்காருங்க. என் கம்மலு எதுக்கு இருக்குது?” என்றாள். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு நிறைய ஜனம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நகத்துக்கு வந்தவர்களாகத் தேடிப் பிடித்தேன். குடியாத்தத்து நெசவாளி ஒருவருக்குத் தறியில் மாட்டி ஆள்காட்டி விரல் நகம் நசுங்கி, முந்தின நாள் எடுத்து வார்டில் தங்க வைத்திருந்தார்கள். அவர் கொடுத்தது பன்னிரண்டணா. அணைக்கட்டுப் பக்கத்து ஏர் ஓட்டும் கூலிக்காரருக்குக் கால் நகத்தில் முள், அவர் கொடுத்தது நாலணா. ஆற்காட்டு மக்கன் பேடா மிட்டாய்க் கடைக்காரருக்குக் கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளைந்து வளர்ந்திருந்தது, அவர் பத்து ரூபாய் கொடுத்திருந்தார். எல்லாருக்கும் அதே ஊசி, அதே கத்தி, அதே அயோடின். பேடாக்காரருக்குச் சங்கதி தெரிந்ததும், “நாலணாவா? என் நகத்தைவிட உன் நகம் பெருசாத்தானேய்யா இருக்குது?” என்று அணைக்கட்டுக்காரரின் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. விரல் தெறிக்கத் தெறிக்க நானும் சிரித்தேன்.

டாக்டரம்மா என் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அமுக்கினார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். “யாரு உங்க விரலைப் பதம் போட்டது?” என்றார். நான் என் பட்டைத் தண்ணீர் வைத்தியத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. “இந்தத் தோல் உடையாது. அதனால சீழ் கீழே எலும்புப் பக்கம் போகுது. நகத்தை எடுத்துச் சீழை விடணும். எலும்பைத் தொட்டிருந்தா இந்த முதல் கணுவையே எடுக்கணும். திறந்து பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

கணுவை எடுக்கணும் என்பதற்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

முதலில் மூத்திரம் பிடித்துத் தரச் சொன்னார்கள். விரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ரத்தத்தில் சர்க்கரை இருந்தால் புண் ஆறாதாம், அது மூத்திரத்திலும் தெரியுமாம். நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் இருக்கிறது. நானும் ரூத்துவும் கம்பவுண்டர் பக்கத்தில் நின்று அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்தோம். அது கொதித்தது. நீலமாகவே இருந்தது. ரூத்து ஸ்தோத்திரம் என்றாள், நான் கம்பவுண்டருக்குக் கும்பிடு போட்டேன். அவர் பயந்து பின்னால் நகர்ந்தார்.

பிறகு மேஜை மேல் படுக்க வைத்து, விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். ஊசி குத்தும்போது மட்டும் உயிர் போகும், அப்புறம் விரல் மரத்து, நம்முடையதே இல்லை என்று ஆகிவிடும். டாக்டரம்மா நகத்தை வேரோடு உருவியதைக் கண்ணால் பார்த்தேன், வலி இல்லை. சீழ் வந்தபோது நாற்றம் எங்கள் டேனரியையே தோற்கடித்தது. பிறகு ஒரு கம்பியை உள்ளே விட்டுத் துழாவினார். அவர் எலும்பைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“இன்னா டாக்டரம்மா?” என்றேன். இன்னொரு தரம் துழாவினார்.

“எலும்பு சுத்தமா இருக்கு” என்றார். நான் படுத்திருந்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கமே படவில்லை.

காய்ச்சல் விடும் வரை அங்கேயே படுக்கை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை ஊறவைப்பதும், கட்டு மாற்றுவதும்தான் வைத்தியம். கட்டு ஒட்டிக்கொண்டு வரும்போது நட்சத்திரம் தெரியும். ராத்திரிகள் நீளம். தூங்காமல் கிடந்து, இல்லாத நகத்தால் இல்லாத தோலைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரூத்து வெளியே கல் கூட்டிச் சமைத்துக் கொண்டுவருவாள். வலது கையில் கட்டு இருந்ததால் அவளே ஊட்டினாள். வார்டு முழுக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கூச்சம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அதே குடியாத்தத்துக்காரர், “வாயத் தொறங்க மாப்ள, எங்களுக்கெல்லாம் இந்தக் குடுப்பினை எங்க?” என்று கிண்டல் செய்வார். அந்த மனிதர்தான் ஒற்றைக் கையால் லுங்கி கட்டுவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். நெய்கிறவர் ஆயிற்றே, விழாமல் நிற்கும்படி ஒரு முடிச்சு வைத்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில் வந்தது. அதே பதினைந்து ரூபாய். ரூத்து கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்க்காத மாதிரி நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

“அம்மா, குடியாத்தத்துக்காரருக்குப் பன்னெண்டணா, அணைக்கட்டுக்காரருக்கு நாலணா, பேடாக்காரருக்குப் பத்து ரூபா. நகம் ஒண்ணுதானேம்மா. இது இன்னா கணக்கு?”

“எல்லாருக்கும் ஒரே விலைதான். அவங்கவங்க ஒரு நாள்ல சம்பாதிக்கிறது” என்றார் டாக்டரம்மா.

என் மண்டையில் அப்படியே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஆயிற்று. ஒரு நாள் தறி, ஒரு நாள் ஏர், ஒரு நாள் பேடா. எத்தனை சுலபம். ரைட்டர் என் செருப்பைப் பார்த்து ஒரு நாள் வியாபாரம் என்று போட்டிருக்கிறார். நான் செருப்பு விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா ரைட்டரைக் கூப்பிட்டு நோட்டில் அந்தப் பதினைந்து ரூபாயை அடித்துவிடச் சொன்னார். “சரி, உங்க ஒரு நாள் கூலி எவ்வளவு?” என்று கேட்டார்.

“நகம் இருந்தா பத்தணா. இல்லன்னா நாலணா” என்றேன். அந்த நகம் எதற்கு என்பதை ரூத்துதான் எடுத்துச் சொன்னாள்.

டாக்டரம்மா என் விரலில் இருந்த கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “இப்போ ஒண்ணும் குடுக்க வேணாம். புது நகம் முளைச்சு வரும். அது முதமுதல்ல சம்பாதிக்கிற ஒரு நாள் கூலியைக் கொண்டாந்து குடுங்க.”

“சம்பாதிக்கலன்னா?”

“அப்போ என் வேலை முடியலன்னு அர்த்தம். முடியாத வேலைக்கு நான் காசு வாங்கறதில்ல.”

ரைட்டர் நோட்டில் பாக்கி என்று எழுதினார். உலகத்தில் கடன்காரனாகிச் சந்தோஷப்பட்டு வீடு திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரூத்து ரயிலில் கம்மலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

டேனரியில் தோல் காயப்போடும் இடத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். கூலி கம்மி. காதர்தான் குழியில் பதம் பார்த்தான். பாவம், என் முகத்தைப் பார்க்கவே அவனுக்குச் சங்கடம். நகம் முளைத்தது, ஆனால் அவசரமே இல்லாமல் முளைத்தது. பாதி வந்தவுடன் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் குழிக்கு ஓடி ஒரு தோலில் வைத்துத் தள்ளினேன். நகம் வளைந்தது. மயிரா, தோலா, ஒன்றும் புரியவில்லை. சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. அன்று சாப்பிடவில்லை. இனி அந்தப் பத்தணாவைக் கொடுக்கவே முடியாது என்று நினைத்தபோது அழுகை வந்தது. கொடுக்காமல் போவது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ரூத்து ஒரு கூடை பூண்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். “தெனம் இத்த உரிங்க. இதும் தோலுதானே?” என்றாள். உரித்தேன். முதலில் பூண்டு நசுங்கியது. பிறகு பூண்டு நசுங்காமல் தோல் மட்டும் வந்தது. பிறகு பல்லுக்கும் தோலுக்கும் நடுவில் நகம் தானாக வழி கண்டுபிடித்தது. தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பூண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் கையைவிட்டுப் பூண்டு வாசனை போகவே இல்லை.

நகம் முழுதாக வந்த பிறகு ஒரு காலையில் முதலாளியே கூப்பிட்டார். குழி ஓரத்தில் காதரும் நின்றான். ஒரு தோலைத் தூக்கிப் போட்டார்கள். கழுத்துப் பக்கம் நகத்தை வைத்தேன். தள்ளினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு போயிற்று, பூண்டுத் தோல் போகிற மாதிரி. எனக்குத் தெரிந்துவிட்டது. “இது பதம். அது இன்னும் ஒரு நாள். அது ரெண்டும் எடுங்க” என்று குழி முழுக்க ஓடினேன். முதலாளி ஒன்றைச் சிரைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு கீறல் இல்லை. காதர் என்னைக் கட்டிக்கொண்டான், என் மேலிருந்த சுண்ணாம்பு அவன் மேலும் ஆயிற்று.

சாயங்காலம் கொடுத்த பத்தணாவை ரூத்து முந்தானையில் முடிந்தாள். அடுத்த விடுமுறையில் இரண்டு பேரும் ரயிலேறினோம். போக வர ரயில் சார்ஜே அந்தப் பத்தணாவைவிட ஜாஸ்தி. “மணியார்டர் பண்ணா இன்னா?” என்று கேட்ட காதரை ரூத்து முறைத்த முறைப்பில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

வாசலில் அதே செருப்பைக் கழற்றினேன். ரைட்டர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார், மறக்கவில்லை. டாக்டரம்மா வந்து என் நகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலை செய்யுதா?” என்றார்.

“செய்யுதும்மா. அதான் வந்தேன்” என்றேன்.

ரூத்து முடிச்சை அவிழ்த்து, பத்தணாவை மேஜை மேல் வைத்தாள். ரைட்டர் நோட்டைத் திருப்பி, பாக்கியை அடித்துவிட்டு, பேனாவை மையில் தோய்த்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. மைப்பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“என்ன இது? நீங்க அஞ்சாவது பாஸ் பண்ணவியள்ளா? கைநாட்டே வைக்க மாட்டேன்னு சண்ட பிடிச்சியளே?” என்றார்.

“அன்னைக்கு நான் வந்தேன் சார். இன்னைக்குக் காசு குடுக்கறது நான் இல்ல, இதான்” என்று சொல்லி, வலது கட்டை விரலை மையில் நன்றாக உருட்டி, நோட்டில் அழுத்தி வைத்தேன்.